கிழவி எப்பிடி இருக்கா?

எனக்குப் பயம் என்பது பல் துலக்குவது மாதிரி. காலையில் எழுந்ததும் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை, கட்டாயம் உண்டு. மழைக்காலம் வந்துவிட்டால் கணக்கே கிடையாது. கடலூரில் குடித்தனம் பண்ணுகிறவளுக்கு வானத்தைப் பார்த்துப் பயப்பட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிவியில் ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்று காதில் விழுந்தாலே அரிசி டின்னைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். வீட்டுக்குள் தண்ணீர் வந்த வருஷம் அந்த அரிசியைத்தான் அவரும் சாப்பிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது வெள்ளத்தைப் பற்றி இல்லை, ஒரு கோழியைப் பற்றி. அந்தக் கிழட்டுக் கோழிக்காக நான் பயந்த பயம் என் பிரசவத்தில்கூடப் பயந்ததில்லை.

கோழி என் தங்கையுடையது. அவள் சிதம்பரத்தில் தனியாக இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளைகுட்டி கிடையாது. ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர் வேலை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம், அதில் ஐந்து கோழிகள். ஐந்தும் முட்டை போடுவதை நிறுத்திப் பல நாளாகிறது. “ஒண்ணுத்தையாவது அடிச்சுக் கொழம்பு வைடி” என்று நான் சொல்வேன். “நீ ரிட்டயர் ஆயிட்டியே, உன்ன என்ன பண்ணலாம்?” என்பாள். இந்த வாய்க்குத்தான் சின்ன வயசில் அவள் எங்கள் அம்மாவிடம் தினம் அடி வாங்கினாள்.

ஐந்தில் மூத்ததற்குக் கிழவி என்று பெயர். சைக்கிளில் கூடை வைத்து விற்றுக்கொண்டு வருவார்களே கலர்க் குஞ்சு, அப்படி ரோஸ் கலரில் வந்தது அது. அந்தக் குஞ்சுகள் பிழைப்பதே அபூர்வம். இது பிழைத்து, சாயம் போய், செம்பட்டையாக வளர்ந்து, பெட்டைகளுக்கெல்லாம் நாட்டாமையாகி, கடைசியில் கிழவியும் ஆயிற்று.

அந்த வருஷம் ஐப்பசி முழுக்க மழை. தங்கைக்குச் சளி பிடித்தது. சளி காய்ச்சலாகி, காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி, ஒருநாள் காலையில் மூச்சு வாங்க முடியாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினாள். நிமோனியா என்றார்கள். நான் மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டும்போது அந்த மருந்து வாசனை வந்தது, எல்லாரும் ஜன்னல் ஷட்டரை இறக்கினார்கள். நான் இறக்கவில்லை, எனக்குக் கை எழும்பவில்லை. சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் மனசுக்குள் அவளுக்கு எல்லாக் காரியமும் பண்ணி முடித்துவிட்டேன். என் புத்தி அப்படித்தான் ஓடும்.

கட்டிலில் முகமூடி மாதிரி ஆக்ஸிஜன் மாட்டிப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதைத் தூக்கிவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “கிழவி எப்பிடி இருக்கா?”

எனக்கு வந்ததே கோபம். “உன் லட்சணத்துக்குக் கோழிதான் கேடா? வாய மூடிக்கினு மூச்ச வுடுடி” என்றேன். அவள் விடவில்லை. “பாத்துட்டு வந்து சொல்லுக்கா” என்றாள். சொல்லிவிட்டு இருமினாள். அந்த இருமல் சத்தத்தில் என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. சரி, இவளுக்குப் பிடிப்பு என்று இருப்பது அந்தக் கோழிதான் என்று நினைத்தேன். அதற்கு ஒன்று ஆகிவிட்டால் இவள் மனசு விட்டுவிடுவாள், மனசு விட்டவளுக்கு எந்த மருந்து வேலை செய்யும்? அப்போது பிடித்த பயம்தான், கடைசிவரைக்கும் விடவே இல்லை.

வீட்டுக்குப் போய்ப் பின்பக்கக் கதவைத் திறந்தேன். முற்றமெல்லாம் கணுக்கால் தண்ணீர். தகரக் கூரை போட்ட கூண்டு, மூன்று பக்கம் கம்பி வலை. நாலு கோழிகள் குறுக்குக் கட்டைமேல் ஒண்டியிருந்தன. கிழவி தரையில், ஈரத்தில். வயசான கோழிக்கு மழைக்கு முன்னால் இறகு கொட்டுமாம், கொட்டினது சட்டென்று முளைக்காதாம். அதற்குக் கழுத்தும் முதுகும் மொட்டையாக, முள் முள்ளாகக் குருத்து மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே பறந்து ஏறச் சக்தி இல்லை. ஒற்றைக் காலில், கண்ணை மூடி, உடம்பை உப்பிக்கொண்டு நின்றது. கொண்டை வெளுத்து நுனி நீலம் பாய்ந்திருந்தது. கிட்டே போனபோது மூச்சில் ‘கர் கர்’ என்று ஒரு சத்தம் கேட்டது. காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்ட அதே சத்தம்.

சாயங்காலம் போய், “நல்லா இருக்கா. கம்பு போட்டேன், கொத்தித் தின்னா” என்றேன். பொய். தங்கை என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நிம்மதியாகத் தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வந்தேன்.

மறுநாள் நான் பண்ணிய வைத்தியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோழிக்குக் குளிருகிறது, காற்று உள்ளே போகக் கூடாது, இவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது. பக்கத்து வீட்டில் கல்யாண பிளெக்ஸ் பேனர் ஒன்று சும்மா கிடந்தது. அதை வாங்கிவந்து கூண்டின் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினேன். மாப்பிள்ளை தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தான். ஓர் ஓட்டை விடாமல் சாக்கு வைத்து அடைத்தேன். அதோடு விட்டேனா? தலைக்கு ஊற்றிய பிள்ளைக்குச் சாம்பிராணி போட்டால் ஈரம் வாங்கும், சளி பிடிக்காது என்று என் பிள்ளைகள் இரண்டுக்கும் போட்டவள் நான். அதே யோசனையில் தூபக்காலில் கங்கு போட்டு, சாம்பிராணி தூவி, கூண்டுக்குள் வைத்துப் புகையைப் பிடித்துவிட்டேன். கோழிகள் குழறின. “சும்மா இருங்கடி, உங்க நல்லதுக்குத்தான்” என்று அதட்டவும் செய்தேன்.

விடிந்ததும் சாக்கை விலக்கினேன். உள்ளேயிருந்து வந்த நெடியில் என் கண் எரிந்தது. பேனரின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது, மாப்பிள்ளை முகத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நன்றாக இருந்த நாலும் தும்மின. கிழவி வாயைத் திறந்துகொண்டு, கழுத்தை நீட்டி நீட்டி மூச்சை இழுத்தது. அடிப்பாவி, நான் கொன்றுவிட்டேன் என்று அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன்.

என் சத்தம் கேட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். நல்லவள்தான், மனசில் பட்டதை அப்படியே கொட்டிவிடுவாள். கோழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வுடுங்கக்கா. போறதுன்னா போவட்டும். நல்லதுக்குத்தான்னு நெனைச்சுக்கங்க.”

“என்னா நல்லது?”

“வூட்டுல வளக்குற உசுரு ஒண்ணு போச்சுன்னா, ஆளுக்கு வந்த கண்டம் அதோட போயிடிச்சின்னு அர்த்தம். எங்க வூட்டுக்காரரு வண்டியிலேர்ந்து வுழுந்தாரே, அன்னிக்கே எங்க ஆடு செத்துது. அவரு பொழைச்சிக்கினாரு. டீச்சருக்கு வந்தத இது வாங்கிக்கினு போவட்டுமே.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “ஆடு செத்தது ஆட்டுக்கு வந்த நோவு. பேசாம உள்ள போம்மா” என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போய்விட்டாள். ஆனால் என் கோபத்துக்குக் காரணம் அவள் இல்லை. அவள் சொன்னது எனக்குப் புதிது இல்லை. சின்ன வயசில் எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது எங்கள் வீட்டு நாய் செத்தது. தங்கை அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அவளை இழுத்து நிறுத்தி, “அக்காவுக்கு வந்தத அது வாங்கிக்கிச்சு. அழக் கூடாது, கும்புடு” என்று கும்பிட வைத்தாள். நான் பாயில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அந்த நாயை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது இந்தக் கோழி என் எதிரில் மூச்சுக்குத் தவிக்க, அம்மாவின் குரல் காதில் கேட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி போகட்டுமே என்று தோன்றியது. தோன்றின உடனே பயந்துபோய்க் கோழியைத் தூக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்கு எடையே இல்லை, நெஞ்செலும்புதான் கையில் குத்தியது.

துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் பழைய நைட்டியை விரித்துக் கிழவியை உட்காரவைத்து, ஷேர் ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பைக்கு வெளியே அது தலையை நீட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த ஆள், “நாட்டுக்கோழியாம்மா? கொழம்புக்கா?” என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கழுத்தைத் தடவினாள், வாயைத் திறந்து பார்த்தாள், முதுகில் காதை வைத்தாள். “கோழிக் கழிச்சல் நோவு இல்ல. பொகை எதுனா போட்டீங்களா?” என்றாள். சாம்பிராணி என்றேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“கோழிக்குத் தலைக்கு ஊத்துனீங்களாம்மா?”

அப்புறம் சொன்னாள், கோழிக்கு இறகே போர்வை, குளிரை அது தாங்கிவிடும், ஈரமும் அடைத்த காற்றும்தான் ஆளைக் கொல்லும் என்று. மேல்பக்கம் காற்றுப் போக விடணும், மழை அடிக்கிற பக்கம் மட்டும் மறைக்கணும், தரை காய்ந்து இருக்கணும், ஏற முடியாததற்குத் தரையை ஒட்டித் தாழ்வாகக் கட்டை போடணும். பொழுது சாய்வதற்குள் மக்காச்சோளம் கொஞ்சம் வயிற்றில் இருந்தால் உடம்பு சூடாக இருக்கும். “பொழைச்சிக்குமா?” என்று கேட்டேன். “வயசு ஜாஸ்தி. சொல்ல முடியாது” என்றாள். தங்கைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரும் முந்தின நாள் இதையேதான் வேறு மாதிரி சொல்லியிருந்தார்.

காய்ந்த தரைக்கு நான் எங்கே போவேன்? சிதம்பரத்தில் அன்றைக்கு நெருப்புக்குச்சிகூடக் காய்ந்ததாக இல்லை. வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி அழுதேன். “என்னா, கோழிக்கு ஸ்பெஷல் வார்டு போடறியா?” என்று கிண்டல் பண்ணினார். ஆனாலும் மனுஷர் பண்ருட்டியில் தெரிந்த மரப்பட்டறையில் சொல்லி, இழைப்புச் சுருள் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் சுற்றி, பஸ் மாறி வந்து சேர்ந்தார். பலா மரத்துச் சுருள், மஞ்சளாய், மணமாய் இருந்தது. செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டு, கூண்டில் சுருளைக் கொட்டினோம். பேனரை அவிழ்த்து மழைப் பக்கம் மட்டும் கட்டினோம். கிழவியை எடுத்து வைத்ததும் அது சுருளில் குழி பறித்து உட்கார்ந்தது. “பாத்தியா, பொழைச்சிக்கும்” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தங்கையைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆக்ஸிஜன் அளவைக் கூட்டியிருப்பதாகச் சொன்னார்கள். ஒருவரைத்தான், ஒரு தடவைதான் உள்ளே விட்டார்கள். உதடெல்லாம் வறண்டு, கண் குழிக்குள் போயிருந்தது. பேச முடியாமல் கையை ஆட்டிக் கேட்டாள். கோழியைத்தான் கேட்கிறாள். “நல்லா இருக்காடி. மாமா வந்து மெத்தை போட்டுக் குடுத்திருக்காரு. ராணியாட்டம் உக்காந்துனு இருக்கா” என்றேன். திரும்பவும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நம்பவில்லைபோல என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கிழவி என் கையிலிருந்து வெதுவெதுப்பான தவிட்டுப் பிசையலை இரண்டு வாய் கொத்தியது. உடனே போனில் படம் பிடித்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஆட்டோ கிடைக்கவில்லை, தெருத் தண்ணீரில் நடந்தே ஆஸ்பத்திரி போனேன். வழியெல்லாம் படம் அழிந்துவிடக் கூடாதே என்று போனை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். “பாரு. உன் கிழவி. துன்றா பாரு.”

தங்கை படத்தைப் பார்த்தாள். கண் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நானும் அழுதேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

அதற்கப்புறம் அவள் தேறினாள். எந்த நாளிலிருந்து என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காய்ச்சல் விட்டது, முகமூடியை எடுத்தார்கள், கஞ்சி குடித்தாள். மழையும் ஓய்ந்து கார்த்திகை விளக்கு ஏற்றுவதற்குள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். கிழவிக்கு முதுகில் புது இறகு மூடியிருந்தது. மூச்சில் அந்தச் சத்தம் மட்டும் லேசாக மிச்சம் இருந்தது.

பின்வாசல் படியில் வெயில் விழுந்தது. அவளை அங்கே நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி கொடுத்துவிட்டு, நானும் படியில் உட்கார்ந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேனர், சாம்பிராணி, கட்டைப்பை, மரச்சுருள் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்து, “உனக்கோசரந்தான்டி அத சாவ வுடாம காப்பாத்துனேன். அது போச்சுன்னா நீ மனசு வுட்டுடுவியேன்னு” என்றேன்.

அவள் காபியைக் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“அம்மா சொன்னது ஞாபகம் இருக்காக்கா? நம்ம நாயி செத்தப்ப?”

“இருக்குது.”

“படுத்துனு அதையேதான் நெனைச்சுனு இருந்தேன். ஒவ்வொரு வாட்டி நீ உள்ள வரும்போதும், இப்ப சொல்லுவா, கிழவி போயிட்டான்னு இப்ப சொல்லுவான்னு பாப்பேன். நீ நல்லா இருக்கா, நல்லா இருக்கான்னே சொன்ன. அப்ப எனக்கு வந்தத யாரும் வாங்கிக்கல, என்கிட்டதான் இருக்குதுன்னு…” டம்ளரைப் படியில் வைத்தாள். “போட்டோ காட்டுனியே, அன்னிக்குதான்கா ரொம்ப பயந்துட்டேன்.”

நான் தண்ணீரில் நடந்து, நெஞ்சுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போய் அவளுக்குக் காட்டியது அதைத்தான். பயத்தில் செத்துக்கொண்டிருந்தவளுக்குத் தினமும் போய்ப் பயத்தை ஊட்டிவிட்டு, போர்வை வேறு போர்த்திவிட்டு வந்திருக்கிறேன். அவளைத் திட்டவும் எனக்கு வாய் இல்லை. அந்த ஒரு கணம் என் மனசிலும் அதே நினைப்பு ஓடியதே. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

“வளத்த கோழிய சாவச் சொல்லி வேண்டிக்கினேன்கா. குஞ்சுலேர்ந்து வளத்தத” என்று அழ ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துக் கிழவி கூண்டிலிருந்து தள்ளாடி வந்து, அவள் கால் விரலுக்கு நடுவில் கிடந்த அரிசியைக் கொத்தியது.

“மெதுவாப் பேசுடி, அதுக்குக் கேக்கப் போவுது” என்றேன். அப்படி ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் நாங்கள் இதைப் பேசிக்கொண்டதே இல்லை. அடுத்த வெயிலில் மற்ற கோழிகளில் இரண்டு போய்ச் சேர்ந்தன, அதற்கு நாங்கள் அழவும் இல்லை, கும்பிடவும் இல்லை. கிழவி இன்னும் இருக்கிறது. இந்த வருஷம் மறுபடியும் இறகு கொட்டிவிட்டது. போன வாரமே பலகை போட்டு, சுருள் மாற்றி, மழைப் பக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு வந்தேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து வானம் வெளுக்கவில்லை. தங்கைக்கு இருமல் என்று பக்கத்து வீட்டுப் பெண் போன் பண்ணியிருந்தாள்.

இன்றைக்குக் காலையில் தங்கையைக் கூப்பிட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். என் வாயில் வந்தது வேறு.

“கிழவி எப்பிடி இருக்கா?”

அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் அவள் இருமினாள்.

“நல்லா இருக்காக்கா” என்றாள். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன அதே வார்த்தை. “நீ வந்துடு.”

குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன்.